சின்ன வால்வு

ஜனவரி வந்துவிட்டால் ஆர்லிஸ் ட்வெட்டின் பட்டறையில் கால் வைக்க இடம் இருக்காது. நிலம் கல்லாக உறைந்து கிடக்கும். வயலில் ஒரு வேலையும் இராது. மினசோட்டாவின் அந்த மேற்கு மூலையில் இருக்கிற விவசாயிகள் அத்தனை பேருக்கும், வருஷம் பூராவும் தள்ளிப்போட்டது அப்போதுதான் ஞாபகம் வரும். டிராக்டர் எஞ்சின், லாரி எஞ்சின், தண்ணீர் பம்பு எஞ்சின் என்று கழற்றித் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அறுபத்தொரு வயசிலும் ஆர்லிஸுக்கு அந்தக் கூட்டம் பிடிக்கும். வேலையைக் கொடுத்தோமா போனோமா என்று இல்லாமல், அடுப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு யோசனை சொல்கிறவர்களைத்தான் பிடிக்காது.

டுவேன் கோல்பி அந்த ரகம். பண்ணையை மகனிடம் விட்டாகிவிட்டது. மனைவி வீட்டில் இருக்கவிடுவதில்லை. ஆகவே பட்டறைக்கு வருவார், காபியை ஊற்றிக்கொள்வார், ஆர்லிஸ் எப்படி வேலை செய்யவேண்டும் என்று ஆர்லிஸுக்கே சொல்லுவார். ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். அவளுடைய அண்ணன் வெர்லினைப் பற்றி. வெர்லினும் டுவேனும் பேசிக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊர்க்காரர்கள் பகையைக்கூட மரியாதையாகத்தான் வைத்துக்கொள்வார்கள். சாவு வீட்டில் பார்த்தால் தலையசைப்பார்கள். பனியில் வண்டி மாட்டிக்கொண்டால் கயிறு போட்டு இழுத்துவிடுவார்கள். பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு டுவேன் பிக்கப்பின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு எதையோ மூடிக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன டுவேன், எவனைக் கொன்னு மூடி வெச்சிருக்கே?"

"வந்து பாரேன்."

தார்ப்பாயை விலக்கினாள். பழைய ஷெவி காரின் எட்டு சிலிண்டர் வி-எட்டு எஞ்சின். மேலே மூடியெல்லாம் போய், தூசியும் எண்ணெயும் அப்பிப்போய்க் கிடந்தது. பக்கவாட்டில் செம்மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தப் பெயிண்டை அடித்தவள் அவள்தான். கடையில் கேட்ட நிறம் கிடைக்காமல் அப்பா உழவுக் கருவிக்கு வாங்கி வைத்திருந்ததை எடுத்து அடித்தாள். ஆர்லிஸ் அதை விரலால் தொட்டாள்.

"இது..."

"ஆமா. அதேதான்," என்றார் டுவேன், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஜூன் மாசம் திருவிழா மைதானத்துல பழைய வண்டிப் பந்தயம் வெக்கறாங்களாம். என் ரெண்டு கதவு கூப் வண்டி இருக்கு. இது கொட்டகையில சும்மா கெடக்கு. செஞ்சு குடு. மேல ரெண்டு ஹெட்டையும் தூக்கிப் போட்டுட்டு அலுமினிய ஹெட் போட்டுடு. பெரிய வால்வு. புத்தகத்துல குறிச்சு வெச்சிருக்கேன் பாரு."

உதிரிபாகக் கடைப் புத்தகத்தை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் மூலை மடித்திருந்தது. எஞ்சினின் தலைப்பாகமாக உட்கார்ந்து, காற்று போய் வருகிற வால்வுகளைத் தாங்கும் ஹெட்டுகள், பளபளவென்று வெள்ளி மாதிரி; ஒவ்வொன்றின் கீழும் வால்வு அளவு. இருப்பதிலேயே பெரியதைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அறுபத்தெட்டு வயசு ஆளுக்குப் பொம்மைக் கடையில் நிற்கும் பிள்ளையின் ஆசை.

அந்த எஞ்சினைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது. தெரிந்தது பாதிதான் என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில் திருவிழா மைதானத்து மண் பாதையில் வாரா வாரம் சனிக்கிழமை பந்தயம் நடக்கும். கால் மைல் வட்டம். காசுள்ளவன் காசைக் கொட்டி எஞ்சின் செய்து ஏழைப் பையன்களைத் துரத்திவிடக் கூடாதென்று ஒரு விதி வைத்திருந்தார்கள். பந்தயம் முடிந்ததும் முன்வரிசையில் வந்த எவனும், விதியில் சொன்ன சொற்பத் தொகையை நடுவர் கையில் வைத்து, ஜெயித்தவனின் எஞ்சினை எனக்குக் கொடு என்று கேட்கலாம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அந்த வருஷம் ஜெயித்ததெல்லாம் போய்விடும். பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்பது கேவலம் என்று ஒரு எண்ணம்.

எழுபதாம் வருஷம் வெர்லின் ட்வெட்டை அந்த மைதானத்தில் யாராலும் நெருங்க முடியவில்லை. இருபத்தைந்து வயசு, ஒல்லி உடம்பு, காதுவரை சிரிப்பு. வளைவை விட்டு வெளியே வரும்போது அவன் வண்டி மட்டும் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பாயும். கடைசிப் பந்தயத்தன்று அவன்தான் முதல், டுவேன் இரண்டாவது. டுவேன் வண்டியை விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே நடுவரிடம் போய்ப் பணத்தை வைத்தார்.

மறுநாள் மதியத்துக்குள் எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வெர்லின் அதை வீட்டுக் கொட்டகையில் தனியாக இறக்கினான். ஆர்லிஸ் உதவிக்குப் போனபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மறுநாள் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான்.

அடுத்த வருஷம் டுவேன் அதே எஞ்சினைப் போட்டு ஓட்டினார். முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை, ஐந்தாவதுகூட இல்லை. வளைவில் வண்டி இருமிக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாம் வாரமே காபிக்கடையில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "வெர்லின் ராத்திரியோட ராத்திரியா ஹெட்டை மாத்திட்டான். நல்லதை எடுத்து ஒளிச்சுட்டு குப்பையைத் தலையில கட்டிட்டான்."

வெர்லின் மறுத்தானா? மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்ட மாதிரி இருந்துவிட்டான். பந்தயத்தையும் விட்டான். அதற்கப்புறம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான், கல்யாணம் செய்துகொண்டான், ஓய்வு வயசு வந்த பிறகும் பஸ்ஸை விடவில்லை. மைதானத்துப் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்கவில்லை. ஊரில் ஏமாற்றுக்காரன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஆனால் சீட்டாட உட்கார்ந்தால், "வெர்லின்தானே, கட்டை நல்லாக் கலைச்சுப் போடுங்கப்பா" என்று ஒருத்தர் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள். நாற்பது வருஷமாக அதே சிரிப்பு.

ஆர்லிஸுக்கு அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தும். அதைவிட அதிகமாகக் குத்தியது வேறொன்று. ஒருவேளை அண்ணன் மாற்றித்தான் இருப்பானோ என்று அவளுக்கே சந்தேகம் இருந்தது.

ஏனென்றால் கொட்டகையில் இரண்டு ஜோடி ஹெட் இருந்தது. அது அவளுக்கும் வெர்லினுக்கும் மட்டும் தெரியும்.

அந்தப் பந்தய வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தை நினைத்தால் இப்போதும் ஆர்லிஸின் மூக்கில் மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனை வரும். பத்தொன்பது வயசு அவளுக்கு. கொட்டகையில் ஒரு பக்கம் மாடுகள் அசைபோடும், இன்னொரு பக்கம் அப்பாவின் வேலை மேஜை. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். ரேடியோவில் ஹாக்கி விளையாட்டு வர்ணனை. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்து அம்மா அனுப்பிய ஹாட்டிஷைப் பாத்திரத்தோடு அடுப்பு மேலே வைத்துச் சூடாக்கி, ஒரே கரண்டியை மாற்றி மாற்றி இருவரும் தின்பார்கள். காற்று உள்ளே போகிற போர்ட்டுக்குள் வெர்லினின் பெரிய கை நுழையாது. அவள் கை நுழையும். கிரைண்டரைப் பிடித்து வார்ப்பிரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். முகமெல்லாம் கரி. எரியறையின் கொள்ளளவை அளக்க மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சில் சாயத் தண்ணீரை நிரப்பி, கண்ணாடித் துண்டை மேலே வைத்து, அதிலிருந்த துளை வழியாக விட்டாள். எட்டும் ஒன்றுபோல் வரும்வரை விடவில்லை. வெர்லின் கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கைப் பிடித்தான்.

"குட்டி, போதும் வா. மாடுகூடத் தூங்கிடுச்சு."

"நீ தூங்கு. ஓட்டப் போறவன் நீதானே, இப்பவே ஓய்வெடுத்துக்கோ."

ஒரு ஜோடிக்குப் பெரிய வால்வு, ஊரே போடுகிற மாதிரி. இன்னொரு ஜோடிக்குச் சின்ன வால்வு, சாதாரண குடும்பக் காரில் வருகிற அளவு. சின்னதுதான் வேண்டும் என்று ஆர்லிஸ் பிடிவாதம் பிடித்தாள். வெர்லின் அவளைப் பைத்தியம் என்றான். பனி உருகினதும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு சரளை ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சின்னதைப் போட்டு ஓட்டிவிட்டு வந்து இறங்கியவன் நேரே கொட்டகைக்குள் போனான். பெரிய வால்வு ஜோடியைச் சாக்கில் கட்டி மூலையில் தள்ளினான். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நாம பெரிசு போட்டிருக்கோம்னே எல்லாரும் நெனைக்கட்டும்" என்றான். அவளும் மூச்சு விடவில்லை.

மைதானத்தில் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் பகுதிக்குள் பெண்கள் போகக்கூடாது. அப்போதெல்லாம் எங்கேயும் அப்படித்தான். அவள் அம்மாவோடு படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்து, தான் தேய்த்த இரும்பு வளைவில் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையைப்போல் ஒரு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்யாணம் ஆனதுகூட அதற்கு அடுத்தபடிதான் என்று புருஷனிடமே சொல்லியிருக்கிறாள்.

எஞ்சின் போன சில நாளில் மூலையில் இருந்த சாக்கையும் காணோம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றான் வெர்லின். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. டுவேன் குற்றம் சொன்ன பிறகு கேட்கப் பயம் வந்துவிட்டது. சாக்கில் இருந்தது எது? கொடுத்தது எது?

இப்போது அந்த எஞ்சின் அவள் மேஜை மேல் இருக்கிறது. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

"நீ வீட்டுக்குப் போ டுவேன். நான் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எனக்கென்ன அவசரம்?" என்று நாற்காலியை அடுப்பருகே இழுத்தார் அவர்.

ஒரே ஓர் அடையாளம் போதும். சின்ன வால்வு ஜோடியில் ஆறாவது சிலிண்டரின் போர்ட்டைத் தேய்க்கும்போது அவள் கை வழுக்கிவிட்டது. பக்கத்திலேயே வால்வைத் தள்ளுகிற புஷ்ராட் கம்பி போகிற துளை; நடுவில் இருக்கிற இரும்புச் சுவர் மெல்லியது; கிரைண்டர் அதைப் பொத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு இப்படி. வெர்லினிடம் சொன்னால் கத்துவான் என்று, டிராக்டரின் பழைய பித்தளை எண்ணெய்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, அந்தத் துளைக்குள் இறுக்கி அடித்து ஓட்டையை மூடினாள். காதும் காதும் வைத்தாற்போல் நடந்த காரியம். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. பித்தளை இருந்தால் அது சின்ன வால்வு ஹெட். வெர்லின் யோக்கியன்.

போர்ட்டுகளில் எலிகள் குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தன. வைக்கோலும் கந்தலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கெட்டித்துக் கிடந்தது. ஒன்றும் தெரியவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, வலது பக்க ஹெட்டைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். எரியறையைத் துணியால் ஒரு துடைப்பு.

பெரிய வால்வு.

நாலு அறையிலும் பெரிய வால்வு. அளக்கவே வேண்டாம், கண்ணே சொல்லிற்று. வெர்லின் மாற்றித்தான் இருக்கிறான். சாக்கில் இருந்ததை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவள் செய்ததை எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். தாழ்ப்பாள் போட்டது அதற்குத்தான். டுவேன் சொன்னது நிஜம். நாற்பது வருஷமாக ஊர் சிரித்த சிரிப்பு நிஜம். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. எல்லாம் வறண்டுபோன மாதிரி இருந்தது.

"என்ன, விரிசலா?" என்றார் டுவேன்.

"இல்ல. அழுக்கு."

ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த ஹெட்டைத் தூக்கிக் கழுவும் தொட்டியில் போட்டாள். வெந்நீரும் சோடாவும் சேர்ந்து பிசுக்கை உரித்தன. வெளியே எடுத்துக் காற்றடித்தாள். பழக்கதோஷத்தில் விரலைப் போர்ட்டுக்குள் விட்டுத் தடவினாள். விரல் நின்றது.

அந்த வளைவு அவளுக்குத் தெரியும். போர்ட்டின் தரையைத் தொடாமல் விட்டு, கூரையை மட்டும் தேய்த்த அந்த வளைவு அவளுடையது. வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. விளக்கை இழுத்துப் பிடித்து ஆறாவது போர்ட்டுக்குள் பார்த்தாள். இருட்டுக்குள் மஞ்சளாக ஒரு கீற்று. பித்தளை.

"டுவேன்," என்றாள். "இந்த எஞ்சினை வாங்கின உடனே என்ன பண்ணினே?"

"என்ன பண்ணுவாங்க? பிரிச்சேன்."

"ஓட்டிப் பாத்துட்டுத்தானே பிரிச்சே?"

டுவேன் காபிக் கோப்பையைப் பார்த்தார். "ஓட்டிப் பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஜெயிச்ச எஞ்சின்தானே. அதை இன்னும் கொஞ்சம் நல்லாக்கலாம்னு தொறந்தேன். தொறந்தா உள்ள சின்ன வால்வு! பால் வாங்கப் போற காருக்குப் போடுவாங்களே, அந்த சைஸ். உங்கண்ணன் கைவரிசை அப்பவே புரிஞ்சுபோச்சு. போனது போகட்டும்னு வாயை வெட்டிப் பெரிசாக்கிப் பெரிய வால்வு போட்டேன். அப்பவும் அந்தக் குப்பை இழுக்கல." நாற்பது வருஷக் கோபம் மூக்கில் ஏறிற்று. "மன்னிச்சுக்கோ ஆர்லிஸ், நீ கேட்டதால சொன்னேன்."

"இங்க வா."

வந்தார். அவள் விளக்கைப் பிடித்தாள். பித்தளையைக் காட்டினாள், அது எப்படி வந்தது என்று சொன்னாள். சின்ன வால்வு போட்டதே அவர்கள்தான் என்று சொன்னாள். டுவேன் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது பேயறைந்தவர் மாதிரி இருந்தார்.

"அப்ப இதுதான் அந்த ஹெட்டு."

"இதேதான்."

"நான்தான்..."

"நீயேதான். ஜெயிச்ச எஞ்சினைக் கொண்டுபோய், ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணாம, குடலை உருவிட்டே. அப்புறம் இழுக்கலைன்னு எங்க அண்ணனைத் திட்டினே."

டுவேன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த ஊரில் பந்தயம் ஓட்டியவர்களில் ஒருத்தன்கூட வேறு மாதிரி செய்திருக்கமாட்டான் என்பதும் ஆர்லிஸுக்குத் தெரியும். கை சும்மா இருக்காது அவர்களுக்கு. நன்றாக ஓடுகிறது என்றாலே பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

"வெர்லின் ஏன் அப்பவே சொல்லல? பிரிச்சுக் காட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுதே!"

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. "அதை அவன்கிட்டக் கேளு. எந்த எடத்துல ஏமாத்துக்காரன்னு சொன்னியோ அங்க நின்னு சொல்லு. அதுக்கப்புறம்தான் இந்த எஞ்சின்ல கை வெப்பேன்."

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெர்லின் காபிக்கடைக்கு வருவான். பெரிய மேஜையில் கிழவர்கள் தோல் கோப்பையில் பகடையைக் குலுக்கி, யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் அங்கே உட்காரமாட்டான். கல்லாவுக்கு எதிரே உயரமான ஸ்டூலில், மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கேரமல் ரோல் பன்னைத் தின்றுவிட்டுப் போவான். மறுநாள் ஆர்லிஸ் அவன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

டுவேன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். பகடைச் சத்தம் நின்றது.

"வெர்லின்."

வெர்லின் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து தன் பேரை முதல்தடவையாகக் கேட்டவன் வாயில் இருந்ததை விழுங்க மறந்தான்.

"நீ ஹெட்டை மாத்தல. நேத்து ஆர்லிஸ் தொறந்து பாத்தா. உங்க ஹெட்டேதான். நான்தான் பெரிய வால்வு வெட்டிக் கெடுத்தேன். கெடுத்துட்டு ஊரெல்லாம் உன்னை..." டுவேன் மேஜையைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் சொன்னது பொய்." மறுபடி வெர்லின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சுடு. ஆனா ஏன்யா நீ வாயே தொறக்கல? ஹெட்டைப் பிரிச்சுக் காட்டுடான்னு சட்டையைப் பிடிச்சிருக்கலாமே?"

வெர்லின் கைதுடைக்கும் காகிதத்தால் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"பிரிச்சா சின்ன வால்வு இருக்கும். ஏன் சின்ன வால்வுன்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியாது." ஆர்லிஸைப் பார்த்தான். "அந்த ஹெட்ல நான் ஒரு வேலையும் செய்யல. விளக்குப் பிடிச்சேன். மிச்சமெல்லாம் இவ. பத்தொம்பது வயசுப் பொண்ணு."

வெர்லின் மேஜைப் பக்கம் திரும்பினான்.

"வெர்லின் கை பொன்னுன்னு அந்த வருஷம் பூரா சொன்னீங்க. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தங்கச்சி செஞ்சு குடுத்ததுன்னு சொல்ல வாய் வரல. அதைவிட ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கறது சுலபமா இருந்துச்சு. அவ்வளவுதான் கதை."

இந்த ஊரில் ஆர்லிஸ் பட்டறை வைத்து முப்பது வருஷம். 'அண்ணன்கிட்டக் கத்துக்கிட்டவ, அதான் வேலை சுத்தம்' என்று ஊர் சொல்லும்போதெல்லாம் அவளும் ஆமாம் போட்டிருக்கிறாள். பேர் கெட்டுப்போன அண்ணனுக்கு அந்தப் பெருமையாவது மிஞ்சட்டும் என்று.

"கொட்டகையில ஏன் தாழ்ப்பாள் போட்டே?" என்றாள்.

"அழுதுட்டிருந்தேன், குட்டி. உன்னை எப்பிடிக் கூப்பிடறது?"

"அந்தச் சாக்கு?"

"அதைப் பாக்கவே பிடிக்கல. தூக்கிப் போட்டேன்."

"நான் உன்னை ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டிருந்தேன் வெர்லின். இத்தன வருஷமும்."

"தெரியும்," என்றான் வெர்லின்.

அந்த ஒரு சொல் அவளை அடித்துப்போட்டது. தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நன்றித்திருநாள் சாப்பாட்டிலும், அப்பா அம்மா அடக்கத்தின்போதும், பக்கத்தில் நின்றவளுக்குத் தன் மேல் சந்தேகம் என்று தெரிந்திருக்கிறது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை இந்த மனுஷன். சூடான காபியை அவன் தலையில் கவிழ்த்துவிடலாம் போல் ஆத்திரம் வந்தது அவளுக்கு. அவன் தோளைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேஜையிலிருந்து கிழவர் ஒருத்தர் மெல்ல இருமினார். கையில் பகடைக் கோப்பை அப்படியே இருந்தது. "அது சரி," என்றார், "ஏன்தான் சின்ன வால்வு? ஜெயிக்கற வண்டிக்கு எவனாவது அதைப் போடுவானா?"

கேட்டது வெர்லினைப் பார்த்து. மற்றவர்களும் வெர்லினைத்தான் பார்த்தார்கள்.

"என்னை ஏன்யா பாக்கறீங்க?" என்றான் வெர்லின். "இன்னிவரைக்கும் எனக்குச் சரியாப் புரியல. அவளைக் கேளுங்க."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. டுவேன் ஒரு நாற்காலியை இழுத்து மேஜையோரம் அவளுக்காகப் போட்டார். ஆர்லிஸ் உட்காரவில்லை. கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே நின்றாள். இன்னொரு கை தன்பாட்டுக்குக் காற்றில் ஒரு வளைவை வரைந்தது.

"நம்ம டிராக்கு சின்னது," என்றாள். "நேரா ஓடறது கொஞ்ச தூரம்தான். வளைவை விட்டு வெளிய வர்ற எடத்துலதான் பந்தயமே. அங்க எஞ்சின் மெதுவாத்தான் சுத்தும். பெரிய வாயைத் தொறந்து வெச்சா அப்போ காத்து சோம்பேறியா உள்ள வரும், பெட்ரோல்கூட ஒழுங்காக் கலக்காது, வண்டி இருமும். வாயைச் சின்னதா வெச்சுப் பாருங்க, அதே காத்து சீறிக்கிட்டு வரும். கால் வெச்ச உடனே இழுக்கும். கடைசி வேகம் கொஞ்சம் கொறையும்தான், ஆனா அந்த வேகத்துக்குப் போக நம்ம டிராக்குல எடம் எங்க இருக்கு?"

யாரோ "அட" என்றார்கள்.

"இப்பவும் அதேதான் போடப் போறேன்," என்றாள் டுவேனிடம். "உன் அலுமினியம் வேண்டாம். வெட்டின எடத்துல வளையம் அடிச்சு, வால்வு உக்கார்ற சீட்டைச் சின்னதாக்கி..." கண்ணிலிருந்து வழிந்ததைக் இன்னும் நுழைக்காத கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள். போர்ட்டின் தரையை ஏன் தொடாமல் விட்டாள் என்பதையும் சொல்ல ஆரம்பித்தாள். அழுகை நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை.